தண்ணீர் குடிக்காத பதினொரு பேர்

டர்ர்ர்ர்!

மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த சமூக அறிவியல் டீச்சர் அது என்ன சத்தம் என்று யோசிக்கவே இல்லை. கெட்டியான சார்ட் பேப்பரைக் குறுக்கே கிழிக்கிற சத்தம். பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளை வைத்துச் சார்ட் எழுதி ஒட்டுகிறவளுக்கு அது தெரியாதா? கையிலிருந்த பசை டப்பாவை அப்படியே படியில் வைத்துவிட்டு, மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள்.

கண்காட்சி ஹாலின் நடுவில் தாளாளர் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர். குண்டூசி வாங்கக்கூட அவர் கையெழுத்து வேண்டும். அவர் கையில் ஒரு சார்ட்டின் கீழ்ப்பாதி. மேல்பாதி ஒரு மூலையில் மட்டும் டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் ஊசலாடியது.

"சார்! என்ன பண்றீங்க?"

"நீங்க பண்ணி வச்சதைச் சரி பண்றேன்."

சுவர் முழுக்க இருபத்தாறு சார்ட்டுகள். மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. 'உலகம் நம் வீடு' என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதியாகிவிட்டது. சுரங்கத்தில் கல் உடைக்கும் குழந்தைகள், படகில் கடல் தாண்டும் அகதிகள், பள்ளிக்கூடம் போக முடியாத பெண்கள், வெள்ளத்தில் மூழ்கும் தீவுகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தவை. எல்லாம் பத்திரமாக இருந்தன. கிழிந்தது ஒன்றே ஒன்றுதான்.

அதில் பதினொரு தண்ணீர் பாட்டில்கள் வரைந்திருந்தன. எல்லாம் ஒரு லிட்டர் பாட்டில். ஒவ்வொன்றிலும் அடியில் கொஞ்சம் நீலம். சிலதில் இரண்டு விரல் உயரம், சிலதில் வெறும் கோடு. 'எங்கள் தெருவில் தையல் ஃபேக்டரிக்குப் போகும் பதினொரு பேர் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை குடிக்கும் தண்ணீர்' என்று மேலே எழுதியிருந்தது. தாளாளர் கையிலிருந்த கீழ்ப்பாதியில் ஒரு வட்டம், உள்ளே 2 என்ற எண். 'கழிப்பறை டோக்கன். 38 பேருக்கு 2. டோக்கன் கையில் இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை.'

"இதை எழுதினது யாருன்னு தெரியுமா?" என்றார் தாளாளர்.

"தெரியும் சார். என் கிளாஸ் பொண்ணு."

"இந்தப் பசங்க போட்டிருக்கற யூனிஃபார்ம் யார் தைச்சது?"

"அந்த ஃபேக்டரி."

"தலைக்கு மேல சுத்துதே ஃபேன், இது யார் கொடுத்தது?"

"அந்த ஃபேக்டரி."

"நாளைக்கு ரிப்பன் வெட்ட யார் வர்றாங்க?"

டீச்சர் சுவரில் ஊசலாடிய மேல்பாதியை மெல்ல உரித்தெடுத்தாள்.

"அந்த ஃபேக்டரி முதலாளி! தெரியுதுல்ல? உலகப் பிரச்சினைன்னா உலகத்துல இருக்கறதப் போடுங்க டீச்சர். சுரங்கம் இருக்கு, படகு இருக்கு, தீவு இருக்கு. எவ்வளவு நல்ல நல்ல பிரச்சினையெல்லாம் இருக்கு! அதை விட்டுட்டு..."

"இதுவும் உலகத்துலதான் சார் இருக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

"வாயைக் குறைங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள அந்தப் பொண்ணு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கணும். கற்பனையா எழுதிட்டேன்னு எழுதட்டும். பசங்கதானே, கற்பனை பண்ணுவாங்க. எப்படியும் அவங்க அம்மாவை இன்னைக்குக் காலையிலயே கேட்டோட நிறுத்தி, வேலைக்கு வர வேண்டாம்னு அனுப்பிட்டாங்களாம்."

"நேத்து சாயந்திரம்தானே சார்ட்டை ஒட்டினோம்? ராத்திரிக்குள்ள அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலம் அப்படி. போட்டோ எல்லாம் பறக்குது" என்றார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

அவர் கையிலிருந்த பாதியை டீச்சர் வெடுக்கென்று பிடுங்கினாள். பத்தொன்பது வருஷத்தில் அவரிடமிருந்து அவள் எதையும் பிடுங்கியதில்லை. இரண்டு பேருமே ஒரு நிமிஷம் திகைத்துப் போனார்கள்.

*

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஐ.நா. மிஸ்'. பாடத்தில் எது வந்தாலும் சுற்றி வளைத்து ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். முப்பது உரிமைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணோடு சொல்லுவாள். யாராவது யாருடைய பேனாவையாவது எடுத்துவிட்டால் போதும், "பதினேழாவது உரிமை! சொத்துரிமை! அவன் பேனாவைக் கொடு!" என்பாள். பெயரைப் பற்றி அவளுக்கும் தெரியும். உள்ளூர ஒரு பெருமைதான்.

சார்ட் எழுதிய பெண்ணுக்கும் ஒரு பெயர் உண்டு. 'டவுட்டு'. பெல் அடித்த பிறகும் கையைத் தூக்குகிற ஜாதி. மூன்று வாரத்துக்கு முன்னால் "முப்பது உரிமையில ஒண்ணை எடுத்துக்கோங்க, அது உலகத்துல எங்கே மீறப்படுதுன்னு கண்டுபிடிச்சு வாங்க" என்று டீச்சர் சொன்னபோதும் அந்தக் கை எழுந்தது.

"மிஸ், ஒரு டவுட்டு. நம்ம தெரு உலகத்துல வருமா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். "ஏன் வராது? தாராளமா வரும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இப்போது ஒரு வீட்டில் சம்பாத்தியம் நின்றிருந்தது. நினைக்க நினைக்க டீச்சருக்கு உடம்பு பற்றி எரிந்தது. தாளாளர் மேல் கோபம், முகம் தெரியாத முதலாளி மேல் கோபம், போட்டோ எடுத்துப் பறக்கவிட்ட அந்த முகம் தெரியாத கைமேல் கோபம்.

நாலாவது பீரியட் ஒன்பதாம் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் கிழிந்த இரண்டு துண்டுகளையும் மேஜைமேல் விரித்தாள். வகுப்பு கப்சிப் என்று ஆனது. விஷயம் அதற்குள் பரவியிருந்தது. டவுட்டு இரண்டாவது பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"எழுந்திரும்மா. நீ எழுதினதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்ல மிஸ். பதினொரு பேர் வீட்டுக்கும் போனேன். பாட்டிலை எடுத்துக்கிட்டே போனேன். எதுவரைக்கும் குடிப்பீங்கன்னு கேட்டு அவங்க விரல் வச்ச இடத்துல கோடு போட்டேன்."

"அப்போ மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். நான் பார்த்துக்கறேன். உட்கார்." டீச்சர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். குரல் தானாக உயர்ந்தது. "எல்லாரும் கேட்டுக்கோங்க! மெஷின்ல உட்கார்ந்து நாள் பூரா தைக்கறாங்க. ஒன்னுக்கு வந்தா எழுந்து போக முடியாது. ஏன்? இன்னொருத்தர் போயிருக்காங்க, டோக்கன் வரணும்! மனுஷ உடம்பு என்ன ரயில்வே கேட்டா, யாரோ ஒருத்தர் திறந்து மூடறதுக்கு?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். வகுப்பின் கோமாளி. முகத்தில் இன்று கோமாளித்தனம் இல்லை. கால்கள் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டிருந்தன.

"மிஸ், போகணும் மிஸ்."

டீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். ஆணி காலியாக இருந்தது. "பலகை எங்கே?"

"வெளியில போயிருக்கு மிஸ்."

"வரட்டும். உட்கார்."

"மிஸ், அவன் போய் ரொம்ப நேரம் ஆச்சு மிஸ். பலகையைப் போட்டு உட்கார்ந்துட்டான்போல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் மேஜையைத் தட்டினாள். "சிரிக்கற நேரமா இது? உட்காருன்னு சொன்னேன்ல!"

அவன் உட்கார்ந்தான். பாதி உட்கார்ந்தான் என்று சொல்ல வேண்டும்.

பலகை என்பது அரை முழ நீளத் துண்டுப் பலகை. மேலே துளை போட்டுக் கயிறு கட்டி, '9-ஆ' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். வெளியே போகிறவன் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அது திரும்பி ஆணிக்கு வந்தால்தான் அடுத்தவன் போகலாம். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பாத்ரூம் பாத்ரூம் என்று பாதி வகுப்பு வராந்தாவிலேயே குடித்தனம் நடத்தியபோது அவள் கண்டுபிடித்தது. ஒரே வாரத்தில் வராந்தா அடங்கிவிட்டது. அப்போதைய தலைமை ஆசிரியை மீட்டிங்கில் கைதட்டச் சொன்னார். இப்போது இருபத்திரண்டு வகுப்பிலும் பலகை தொங்குகிறது. பார்க்க வருகிற பெற்றோர்கள், "வராந்தா எவ்வளவு அமைதி பாருங்க" என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள்.

"என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், டோக்கன்! முப்பத்தெட்டு பேருக்கு ரெண்டு டோக்கன்! அதை அதிகாரின்னு ஒருத்தன் உட்கார்ந்து யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க, அவனுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு..."

டவுட்டின் கை பாதி எழுந்தது. அவள் கண் கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியில் நின்றது. பிறகு கை மெல்ல இறங்கிவிட்டது.

"என்னம்மா டவுட்டு?"

"ஒண்ணும் இல்ல மிஸ்."

அந்த வருஷத்தில் அவளுக்கு டவுட் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

*

சாப்பாட்டு இடைவேளையில் வாட்ச்மேன் வந்து நின்றார். "டீச்சர், ஒரு அம்மா கேட்ல நிக்கறாங்க. உள்ளே வாங்கன்னா வரமாட்டேங்கறாங்க. உங்களை வெளியில வரச் சொல்றாங்க. குரல் கொஞ்சம் பெருசா இருக்கு."

டவுட்டின் அம்மாதான். ஒல்லியான உடம்பு. தோளில் மாட்டிய கைப்பையில் டிபன் டப்பா பிதுங்கிக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்கென்று கிளம்பியவள், இன்னும் வீட்டுக்கே போகவில்லை. ஃபேக்டரியில் அவளைக் 'காலர் அக்கா' என்பார்கள். சட்டைக் கழுத்தைத் திருப்பித் தைத்து முனையைக் கூராக எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் கிடையாது.

"வாங்கம்மா, உள்ளே உட்கார்ந்து..."

"உட்கார வரல டீச்சர். ஒரே ஒரு கேள்வி. நாங்க உங்ககிட்ட வந்து கேட்டோமா? எங்க கஷ்டத்தைப் படம் போட்டு மாட்டுங்கன்னு கேட்டோமா?"

"அம்மா, நடந்தது அநியாயம்தான். நான்..."

"அநியாயம்னு எனக்குத் தெரியாதா? பதிமூணு வருஷமா அந்த அநியாயத்துமேலதான் உட்கார்ந்து தைக்கறேன்! உங்களுக்கு இது பாடம். அவளுக்கு இது மார்க்கு. எனக்கு இது சோறு. நாளைக்கு நீங்க வேற பாடத்துக்குப் போயிடுவீங்க. நான் எங்கே போறது?"

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து, ஊசி போட்டுக்கிட்டு மறுநாளே மெஷின்ல உட்கார்ந்தவ நான். அழுதா புலம்பினா வீட்டோட. வெளியில சொன்னதில்ல. என் பொண்ணு சொல்லிட்டா. சரி, சொன்னது சொன்னா..." அந்தம்மா மூச்சு வாங்கினாள். கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அதையாவது ஒழுங்கா சொன்னாளா? நான் விரல் வச்ச இடத்துக்கு மேல, ரெண்டு வாய் தண்ணின்னு கோடு போட்டிருக்கா. ரெண்டு எங்கே குடிக்கறேன்? ஒரு வாய். அதுவும் மத்தியானம் மாத்திரைக்கு."

டீச்சர் அவளையே பார்த்தாள்.

"திருத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காலர் அக்கா விறுவிறுவென்று நடந்துவிட்டாள். பத்தடி போய்த் திரும்பி, "வேலை போனா போனதுதான்னு நினைச்சுக்காதீங்க டீச்சர். எனக்கு வேலை வேணும்!" என்று கத்தினாள்.

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். "இந்தம்மா சண்டைக்கு வந்தாங்களா, கணக்குத் திருத்த வந்தாங்களா டீச்சர்?" என்றார்.

*

பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனாள். கிழிந்த இரண்டு துண்டுகளையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். போகிற வழியெல்லாம் பேசவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். நியாயமான வேலைக்கு இருபத்து மூன்றாவது உரிமை, ஓய்வுக்கு இருபத்து நாலாவது உரிமை, யாரையும் இழிவாக நடத்தக் கூடாது என்கிற ஐந்தாவது உரிமை. ஒன்றையும் விடுவதாக இல்லை.

ஃபேக்டரி வரவேற்பறை ஜில்லென்று இருந்தது. சோபா, பூச்சட்டி, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பலகை. சட்டை வாங்குகிற வெளிநாட்டு கம்பெனி மாட்டச் சொன்ன தொழிலாளர் உரிமைகள். பத்து வரிகள், வாங்குகிறவர்களின் மொழியில். உள்ளே தைக்கிறவர்களில் ஒருவருக்கும் அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. டீச்சர் அதைக் கடைசி வரைக்கும் படித்தாள். ஏழாவது வரியை இரண்டு தடவை படித்தாள்.

பக்கத்துக் கண்ணாடி வழியே தையல் கூடம் தெரிந்தது. வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். மெஷின்களின் இரைச்சல் கண்ணாடியைத் தாண்டி அதிர்ந்தது. வரிசையின் தலைமாட்டில் சூப்பர்வைசர் மேஜை, அதன் மேல் இரும்புக் கொக்கி. கொக்கி காலி. ஒரு பெண் சிவப்பு வட்டம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து அதில் மாட்டினாள். மாட்டின கை விலகுவதற்குள் இன்னொரு கை அதை எடுத்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"உள்ளே வரச் சொல்றாங்க" என்றாள் வரவேற்பறைப் பெண்.

புரொடக்‌ஷன் மேனேஜர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். டீச்சரைக் கண்டதும் சடாரென்று எழுந்து நின்றாள். வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரியே, கைகள் இரண்டும் பக்கவாட்டில்.

"வணக்கம் மிஸ். என்னை ஞாபகம் இருக்கா? உங்க ஸ்டூடன்ட். ஒன்பதாவது, மூணாவது பெஞ்ச் ஓரம். பசங்க 'ஊமை'ன்னு கூப்பிடுவாங்க."

டீச்சருக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. பேசுகிற பிள்ளைகள்தான் ஞாபகத்தில் நிற்கிறார்கள். "இருக்கே" என்றாள்.

"நீங்க சேர்ந்த முதல் வருஷம் மிஸ். நாங்கதான் உங்க முதல் கிளாஸ். உட்காருங்க மிஸ். தண்ணி?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒத்திகை பார்த்ததெல்லாம் டீச்சருக்கு மறந்துபோனது. சுருட்டி வைத்திருந்த துண்டுகளை மேஜைமேல் போட்டு விரித்தாள்.

"எனக்குத் தண்ணி இருக்கட்டும். இதைப் பாரு. பதினொரு பேர் உன் ஃபேக்டரியில தண்ணி குடிக்கறதில்ல. நீ படிச்ச பொண்ணு! என் கிளாஸ்ல உட்கார்ந்து மனித உரிமை படிச்ச பொண்ணு! உனக்குக் கீழே இப்படி நடக்குதே, ராத்திரி தூக்கம் வருதா உனக்கு?"

"மிஸ், கொஞ்சம்..."

"உண்மையைச் சொன்ன பொண்ணோட அம்மாவை வேலையை விட்டு நிறுத்தியிருக்கீங்க. ஒரு சின்னப் பொண்ணு எழுதின சார்ட்டுக்கு இவ்வளவு பயமா? யார் அனுப்பினா உங்களுக்கு அந்த போட்டோவை?"

மேனேஜர் தன் போனை எடுத்து, ஒரு படத்தைத் திறந்து, டீச்சர் பக்கம் திருப்பி வைத்தாள். சார்ட்டின் படம். அனுப்பியவர் பெயர் மேலே இருந்தது. தாளாளர். 'என் கவனத்துக்கு வராமல் நடந்துவிட்டது, தக்க நடவடிக்கை எடுக்கிறேன்' என்று கீழே ஒரு வரி.

டீச்சர் பல்லைக் கடித்தாள். கண்ணாடியைத் துடைத்தது இதற்குத்தானா!

"இது முதலாளி வரைக்கும் போயிடுச்சு மிஸ். நிறுத்துன்னு சொன்னது அவர். எனக்குக் காலர் அக்கா வேணும். வெள்ளிக்கிழமை நாலாயிரம் சட்டை கப்பல் ஏறணும். அவங்க இல்லாம காலர் எல்லாம் நாய்க்காது மாதிரி மடங்குது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு இந்தப் படம் சுவர்ல வேண்டாம். அக்கா காலையில வந்து மெஷின்ல உட்காரட்டும். ரெண்டு பேருக்கும் பிரச்சினை முடிஞ்சிடும்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், டீச்சருக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எனக்கு வேலை வேணும் என்று நடுத்தெருவில் கத்திய குரல் காதில் இருந்தது. ஆனால் திருத்தச் சொல்லுங்க என்ற குரலும் கூடவே இருந்தது. கிழித்துப் போடப் போகிற படத்தை யாராவது திருத்தச் சொல்லுவார்களா?

"முடியாது. படமும் சுவர்ல இருக்கும். அந்தம்மாவும் மெஷின்ல இருப்பாங்க."

"மிஸ், அது எப்படி..."

"வெளியில கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்களே, ஏழாவது வரி என்னன்னு தெரியுமா உனக்கு? நான் படிச்சேன். கழிப்பறைக்கும் குடிதண்ணிக்கும் எந்த நேரத்துலயும் தடை இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. கீழே இ-மெயில் முகவரியும் போட்டிருக்கான், புகார் அனுப்ப. அந்த பாஷையில எனக்கு எழுதத் தெரியும். என் கிளாஸ் பசங்களுக்கும் சொல்லித் தந்திருக்கேன். முப்பது பேர் முப்பது கடிதம் எழுதுவோம். வெள்ளிக்கிழமை கப்பலுக்கு முன்னால போய்ச் சேரும்."

மேனேஜரின் முகத்தில் அதுவரை இருந்த மாணவி மறைந்துபோனாள். மேஜைமேல் விரலால் தாளம் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் இரைந்தன. அவள் போனை எடுத்து வெளியே போய் யாரிடமோ பேசினாள். "கப்பல்" என்ற வார்த்தை மூன்று தடவை கேட்டது. திரும்பி வந்தபோது அவள் உட்காரவில்லை.

"காலர் அக்கா காலையில வரட்டும் மிஸ். முதலாளி நாளைக்கு உங்க ஃபங்ஷனுக்கு வரமாட்டார். திடீர்னு உடம்பு சரியில்லையாம்."

டீச்சருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பத்தொன்பது வருஷம் கத்தினதற்கு இன்றைக்குத்தான் ஒரு பலன். சார்ட் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வைத்துப் பார்த்தாள். கிழிசல் தெரியாமல் ஒட்டிவிடலாம். இல்லை, தெரிகிற மாதிரியே ஒட்டுவோம். தாளாளர் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லட்டும்.

"டோக்கன்?" என்றாள்.

"டோக்கனை எடுத்தா லைன் ஓடாது மிஸ். ஒரே நேரத்துல பத்து பேர் எழுந்து போயிடுவாங்க. இது வந்தப்புறம்தான் ஒழுங்கு வந்தது. சத்தம் போடறது, ஊர் சுத்தறது எல்லாம் நின்னுச்சு. யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கல. என்னை மேனேஜர் ஆக்கினதே அதுக்காகத்தான்."

"ஓ, உனக்குப் பரிசு வேற கொடுத்தாங்களா!" டீச்சர் எழுந்துவிட்டாள். "மனுஷங்களை மாடு மாதிரி கட்டி வச்சிட்டு, அதுக்குப் பேரு ஒழுங்கா? அவங்க எதிர்த்துக் கேட்கலன்னா சம்மதம்னு அர்த்தமா? கேட்டா சோறு போயிடும்னு அர்த்தம்! எந்தப் புண்ணியவான் மூளையில உதிச்சது இது? முதலாளியா, வெளிநாட்டுக்காரனா? சொல்லு! அந்த ஆள் யாருன்னு நாளைக்கு இந்தப் படத்துக்குக் கீழேயே எழுதி ஒட்டறேன். உலகம் பார்க்கட்டும்!"

மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்தாள். புத்தம்புதுச் சிவப்பு டோக்கன் ஒன்றை எடுத்துக் கிழிந்த சார்ட்டின் வட்டத்துக்குமேல் மெதுவாக வைத்தாள். அச்சு பிசகாமல் பொருந்தியது. டோக்கனின் மேலே ஒரு துளை. துளையில் ஒரு கயிறு, கழுத்தில் மாட்டிக்கொள்கிற நீளத்துக்கு.

டீச்சரின் கண் அந்தக் கயிற்றில் நின்றது.

"எங்க கிளாஸ்ல முப்பத்தெட்டு பேருக்கும் சேர்த்து நீங்க ஒரே ஒரு பலகைதான் ஆணியில மாட்டி வச்சிருந்தீங்க மிஸ்... நான் ரெண்டு கொடுத்திருக்கேன்."